மார்க்கண்டரைச் சாகடித்த சென்ற்

சண்டிலிப்பாயில் கோகுலனைத் தெரியாத ஆட்கள் இருக்கலாம், பூனையைத் தெரியாத ஆள் கிடையாது. குட்டி போட்ட பூனை மாதிரி ஓரிடத்தில் தரிக்காமல் திரிகிறவன் என்று பள்ளிக்கூட நாளில் யாரோ வைத்த பட்டம் அது. நாற்பத்து நாலு வயதாகியும் அவனை விட்டுப் போகவில்லை. போகிற மாதிரி அவனும் நடந்துகொள்ளவில்லை. தோட்டத்து மிசின் திருத்துவது அவன் தொழில். மிசின் என்றால் வேறொன்றுமில்லை, கிணற்றுத் தண்ணீரை இறைக்கிற மண்ணெண்ணெய்ப் பம்புதான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் கட்டுகிற காலத்தில் மிசின் நின்றால் தோட்டக்காரனுக்கு மூச்சு நின்ற மாதிரி. உடனே போன் அடிக்கும். கோகுலன் பாதிச் சோற்றில் எழும்பிப் போய்விடுவான். கேட்டால், ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த பழமொழி.

அந்த வேலையை ஒருவரும் அவனுக்கு முறையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சண்டைக் காலத்தில் பெற்றோல் மருந்து மாதிரிச் சின்னப் போத்தலில் விற்ற நாட்களில், குடாநாடு முழுக்க மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. நாலு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி உதைத்து, இயந்திரம் சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைக் குடிக்க விடுவார்கள். இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் யாரோ ஒருவரின் வளவில் கிடந்த மாதங்களில் அதைப் பார்த்துப் பார்த்தே கோகுலனின் கை பழகிவிட்டது. தோட்டத்து மிசினும் அதே இனம்தான். பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் இருமிக்கொண்டு நின்றுவிடும். எப்பன் பொறுங்கோ, அது சூடேறட்டும் என்று வலிகாமம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் அவன். மிசினுக்குச் சொன்ன புத்தியை ஒருநாளாவது தனக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே நடந்திராது.

தங்கைமார் இருவரும் கரை சேர்ந்த பிறகுதான் தன் கலியாணத்தை யோசிப்பது என்று இருந்தான். மூத்தவள் கனடாவுக்குப் போனாள், இளையவள் உதயகலா பிரான்சுக்குப் போனாள். அதற்குள் இவனுக்குத் தலைமயிர் முன்பக்கத்தால் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. பிறகும் இரண்டு மூன்று சம்பந்தம் வந்தது. ஒரு வீட்டில் தேத்தண்ணி கொண்டு வருவதற்குள் போன் அடித்து, இதோ வாறன் என்று எழும்பிப் போனவன், அளவெட்டியில் ஒரு மிசினைப் பிரித்துப் போட்டுவிட்டு அன்றைக்குத் திரும்பிப் போகவேயில்லை. அந்த வீட்டார் இன்னும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள். அவர்களில் பிழையில்லை.

இந்தமுறை வந்தது வட்டுக்கோட்டைச் சம்பந்தம். பெயர் தயாளினி, முன்பள்ளி ஆசிரியை, வயது நாற்பத்தொன்று. தாய் முந்தியே இல்லை. தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்து வருஷக் கணக்காகப் படுக்கையில் கிடந்தார், அவரைப் பார்த்துப் பார்த்தே அவளுக்கும் கலியாண வயது கடந்துபோனது. அவர் செத்து ஒரு வருஷமாகி, ஆட்டத்திவசம் போன மாதம்தான் முடிந்தது. இனி நல்ல காரியம் பார்க்கலாம் என்று தாய்மாமன் செல்வநாயகம் புறப்பட்டார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். உதயகலாதான் யார் யாரையோ பிடித்து இந்தத் தொடர்பை உண்டாக்கினாள். படம் போனில் வந்தது. படத்தில் தயாளினி சிரிக்கவில்லை. ஆனால் படம் எடுத்தவர் இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் சிரித்திருப்பாள் போலிருந்தது. கோகுலன் அந்த ஒரு நொடியை நினைத்து நினைத்தே நாலு நாள் நித்திரை கெட்டான். இது சரிவர வேண்டும் என்று அவன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை ஆசைப்பட்டான். சரிவராவிட்டால் இனி யாரையும் பார்ப்பதில்லை என்றும் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

உதயகலாவுக்கு வேறு கவலை. உங்களிலை எப்பவும் மண்ணெண்ணெய் மணம் அண்ணை, ஒரு பொம்பிளைப் பிள்ளைக்குக் கிட்டப் போய் நிக்கேக்கை எண்டாலும் மனிசன் மாதிரி மணக்க வேணும் என்று சொல்லி, அங்கிருந்து வந்த ஒருவரிடம் ஒரு சென்ற் போத்தலைக் கொடுத்துவிட்டாள். சதுரப் போத்தல். கனமான மூடி, வெளிறிய பச்சைத் தண்ணீர், வாசிக்க முடியாத பிரெஞ்சு எழுத்து. லவெண்டர் என்றாள். லவெண்டர் என்பது சேலை நிறம் என்றுதான் கோகுலன் அதுவரை நினைத்திருந்தான். அது ஒரு பூ என்றும், அங்கே பெரிய மனிதர்கள் தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து பூசுகிற மணம் இது என்றும், இப்போதைய பொடியள் அடிக்கிற சென்ற் மாதிரி மூக்கைக் குத்தாது என்றும் விளக்கம் சொன்னாள். கடைசியில் ஒரு கட்டளையும் போட்டாள். பூசிப் பார்த்து எப்படியென்று சொல்ல வேண்டும். பூசின கையோடு சொல்லக்கூடாது, நாள் முழுக்க வைத்திருந்து சொல்ல வேண்டும்.

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்.

கோகுலன் மணிக்கட்டில் ஒருமுறை அடித்தான். அடித்த கையோடு மூக்கில் வைத்தான். தேசிக்காய் இலையைக் கசக்கின மாதிரி ஒரு காரம் ஏறியது. அதற்குப் பின்னால் ஒரு குளிர்ச்சி, கொஞ்சம் பச்சை, கொஞ்சம் கசப்பு. சுத்தமான மணம். தோய்த்து நீலம் போட்ட வேட்டியை விரிக்கிற மாதிரி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கேயோ மணந்த மணம். அதுதான் அவனைப் பிடித்து ஆட்டியது. ஆஸ்பத்திரியிலா? இல்லை. அங்கே வேறு மணம். தகப்பனார் இருந்த காலத்தில் வீட்டிலா? சலூனிலா? மற்றக் கையிலும் அடித்து மணந்து பார்த்தான். கிணற்றடிக்குப் போய் மணந்தான். கேற்றடிக்கு வந்து மணந்தான். நாக்கு நுனியில் நிற்கிற பெயர் மாதிரி அது வருவதும் போவதுமாக இருந்தது. பிடிபடுவதற்குள் போன் அடித்தது, மானிப்பாயில் ஒரு மிசின் நின்றுவிட்டது, பூனை பாய்ந்துவிட்டது.

பின்னேரம் சேட்டைக் கழற்றிக் கொடியில் போடும்போது அதில் கேக் மணத்தது. பிறந்தநாள் வீட்டு கேக்கில் வருகிற வெனிலா மணம். இன்றைக்கு ஒருவரும் கேக் தரவில்லையே என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு அதையும் விட்டுவிட்டுப் பிளக் ஒன்றைச் சுரண்டத் தொடங்கினான். காலையில் கையில் அடித்ததும் மாலையில் சேட்டில் மணப்பதும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. தோன்றுவதற்கு ஒரு இடத்தில் இருந்தால் அல்லவா? தங்கைக்கு அவன் அனுப்பிய தீர்ப்பு இவ்வளவுதான்: சுத்தமாய் இருக்கு, ஆனால் எங்கையோ மணந்த மணம், என்னண்டு பிடிபடேல்லை. அவள் சிரித்துவிட்டு, ஆக்கப் பொறுத்தனீங்கள், ஆறப் பொறுக்கேலாதோ அண்ணை என்று கேட்டாள். அவள் பகிடிக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான்.

பார்க்கிற இடம் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில் என்று முடிவானது. செல்வநாயகத்துக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. கோயிலில் கண்டால் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒருவருக்கும் குறையில்லை என்பது ஊர் வழக்கமும்தான். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மார்க்கண்டர் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். மேற்குத் தெருவில் வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிற கிழவர், கோகுலனின் பழைய வாடிக்கை. மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் மிசின் நிற்கிறதாம். அவர் அவசரப்பட்டு மாற்றுகிறார் என்பது கோகுலனுக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் அவன் பதில் சொல்லவில்லை. நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

சென்றைப் பற்றி அவன் நிறைய யோசித்திருந்தான். வீட்டிலிருந்தே பூசிக்கொண்டு போனால் தொண்டைமானாறு போய்ச் சேர்வதற்குள் காற்று முழுக்க வழித்துவிடும். சேட்டில் அடிக்கலாமென்றால், கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். ஆகவே கோயிலடியில் போய், உடம்பில் அடிப்பதுதான் முறை. கணக்கில் பிழையில்லை, மிசின்காரனின் கணக்கு. ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சேட்டைக் கழற்றி, நெஞ்சில் அடித்தான். போதாது போலிருந்தது. தோளில் அடித்தான், கழுத்தில் அடித்தான், கமக்கட்டிலும் விட்டுவைக்கவில்லை. தண்ணீரில் முழுகிக்கொண்டிருந்த ஒரு வயதாளி அவனை மிகவும் இரக்கமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கோகுலனுக்கு விளங்கவில்லை. பொம்பிளை பார்க்க வந்தவன் என்று முகத்தில் எழுதியிருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பூசை முடிந்து சனம் அன்னதானத்துக்கு மடத்துப் பக்கம் திரும்புகிற நேரம் செல்வநாயகம் தயாளினியோடு வந்தார். கையைப் பிடித்து நலம் விசாரித்தவர், நடுவில் மூக்கை ஒருமுறை சுருக்கினார். பிறகு பெரிய மனிதனாய், நீங்கள் ரண்டு பேரும் கதையுங்கோ என்று சொல்லி நாலடி தள்ளிப் போய் நின்றார். இடுப்பில் சொருகியிருந்த போன் திரும்பவும் அதிரத் தொடங்கியது. எடுத்துப் பாராமலே அது மார்க்கண்டர் என்று கோகுலனுக்குத் தெரியும். அவன் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றான். படத்தில் பார்த்ததைவிடத் தயாளினி மெலிந்திருந்தாள். கிட்ட வந்தவள் அப்படியே நின்றாள். முகத்தில் இருந்த கொஞ்ச நிறமும் இறங்கியது.

"நீங்கள் செத்த வீடு ஒண்டுக்குப் போயிட்டோ வாறியள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கணத்தில்தான் கோகுலனுக்குப் பிடிபட்டது. ஓடிக்கலோன். பெட்டிக்குள் கிடக்கிறவருக்கு மேல் தெளிக்கிற, பந்தலுக்குள் நுழையும் முன்னே மூக்கில் ஏறுகிற, எத்தனையோ வீடுகளில் கைகட்டி நின்று மணந்த ஓடிக்கலோன். பிரெஞ்சுப் பெரிய மனிதர்களின் லவெண்டர் அவன் நெஞ்சிலிருந்து ஒரு செத்த வீடாய்க் கிளம்பிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், சென்ற் பூசினனான் என்று இரண்டு சொல். ஆனால் நாற்பத்து நாலு வயதில், மண்ணெண்ணெய்க்குள் உழல்கிறவன், பொம்பிளை பார்க்கவென்று நெஞ்செல்லாம் சென்ற் அடித்துக்கொண்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? செத்த வீட்டுக்குப் போனவனை ஊர் மதிக்கும். சென்ற் பூசினவனைப் பார்த்துச் சிரிக்கும்.

"ஓம்," என்றான்.

யாருடையது என்று கேட்டாள். இடுப்பில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெயர்தான் வாயில் வந்தது.

"மார்க்கண்டரின்ரை."

நாலடி தள்ளி நின்றவர் ஒரு எட்டில் வந்துவிட்டார். எந்த மார்க்கண்டர், சண்டிலிப்பாய் மேற்குத் தெரு மார்க்கண்டரோ என்று கேட்டார். சங்கத்தில் இருவரும் ஒன்றாய் இருந்தவர்கள் என்பது கோகுலனுக்கு எப்படித் தெரியும்? செல்வநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. போன கிழமைகூடப் போனில் கதைத்ததாகவும், பேப்பரில் ஒன்றும் போடவில்லையே என்றும் சொன்னவர், எப்ப பிரேதம் எடுக்கினம் என்று கேட்டார். கோகுலன் நாளைக்கு என்று சொல்லித் தொலைத்தான். செத்துப் போனவரோ இடுப்பில் இன்னும் அடித்துக்கொண்டேயிருந்தார்.

அழுது முடிந்த பிறகுதான் செல்வநாயகத்துக்கு மற்றது உறைத்தது. செத்த வீட்டால் வந்தவன் தலைக்கு முழுகாமல் வீட்டுப் படியே ஏறக்கூடாது. அதுவே துடக்கு, தீட்டு. இவன் கோயிலுக்குள் வந்து நிற்கிறான், அவர் கையையும் பிடித்துவிட்டான். முழுகிப்போட்டுத்தான் வந்தனான் என்று கோகுலன் முனகினான். முழுகின உடம்பிலையோ உப்பிடி மணக்குது என்று அவர் கேட்டார். தயாளினி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்து விறுவிறென்று நடந்தாள். கொஞ்ச நேரத்தில் செல்வநாயகம் ஆற்றில் இறங்கித் தலையோடு முழுகுவதைக் கோகுலன் தூரத்தில் நின்று பார்த்தான். மடத்தில் பந்தி தொடங்கிவிட்டது. அவன் போய் உட்காரவில்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

வீட்டுக்கு வந்தவன் விறாந்தைக்கும் கிணற்றடிக்குமாய் நடந்தான். செல்வநாயகத்தின் இலக்கம் அவனிடம் இல்லை. உதயகலாவிடம் கேட்டால் முழுக்கச் சொல்ல வேண்டும். அவளுக்குக் குரலில் ஒரு செய்தி பதிந்தான், அழித்தான். திரும்பப் பதிந்தான், அதையும் அழித்தான். தயாளினியின் முகம் வெளிறினதும் மூக்கைப் பொத்தினதும் கண்ணுக்குள் நின்றன. ஒரு பொய்யால் ஒரு கிழவரைக் கொன்றது பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு நொடிச் சிரிப்பைக் கொன்றதுதான் நெஞ்சை அறுத்தது. போத்தலைத் தூக்கிக் குப்பைக் கிடங்கில் எறியப் போனான். தங்கை ஆசையாய் அனுப்பியது என்று திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.

மறுநாள் விடியவே மார்க்கண்டர் போன் அடித்தார். நீ இனி நான் செத்தாப் பிறகுதான் வருவியோ என்று அவர் கேட்டார். கோகுலன் கொடியில் கைக்கு அகப்பட்ட சேட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். அது முதல்நாள் சந்நிதிக்குப் போட்ட சேட்டு. சென்ற் உடம்புக்கு மேல் திரும்பப் போட்டு, வீடு வரை வந்த சேட்டு. தோட்டத்தில் அதைக் கழற்றி முருங்கைக் கொப்பில் போட்டுவிட்டு மிசினுக்கு முன்னால் குந்தினான். அவன் நினைத்தது சரிதான். கிழவர் சூடேறமுதல் மாற்றி மாற்றி, காபரேற்றர் முழுக்க அடைத்துக் கிடந்தது. கழுவிப் பூட்டிப் பெற்றோலில் ஓட விட்டுக்கொண்டிருக்கும்போது, தெருவில் ஒரு ஓட்டோ வந்து மெதுவாய்ப் போவதும் திரும்பி வருவதுமாய் இருந்தது. செத்த வீட்டுக்குரிய பந்தலையோ தோரணத்தையோ தேடுகிற ஓட்டோ.

ஓட்டோவிலிருந்து செல்வநாயகம் இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, கையில் பேப்பரில் சுற்றிய மலர்மாலை. பின்னால் தயாளினி. வேலிக்கு அப்பால் வெங்காயப் பாத்திக்குள் இருந்து மண்வெட்டியோடு நிமிர்ந்த மார்க்கண்டர், பழைய கூட்டாளியைக் கண்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். செல்வநாயகம் பின்னுக்கு ஒரு அடி வைத்தார். ஆரின்ரை செத்த வீட்டுக்கு மாலையோடை போறாய் என்று மார்க்கண்டர் கேட்டதற்கு அவரால் விரலைத்தான் நீட்ட முடிந்தது. விரல் மார்க்கண்டரைக் காட்டியது. பிறகு மெதுவாய்த் திரும்பி, மிசினடியில் குந்தியிருந்த கோகுலனைக் காட்டியது.

மண்ணெண்ணெய்க் கையோடு எழும்பி நின்று, கோகுலன் எல்லாவற்றையும் சொன்னான். சென்ற் பூசினதையும், வெட்கத்தில் ஓம் என்றதையும், போனில் அதிர்ந்த பெயரைச் சொன்னதையும். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் மிசினைப் பார்த்துத்தான் சொன்னான். மார்க்கண்டரின் மனைவி சின்னாச்சி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

"பாவி, நீ என்ரை தாலியிலையோடா கை வைச்சனீ?" என்றாள். மாலையைப் பறித்துக் குப்பைக் கிடங்கில் எறிந்தாள். சாவுக் கதை கேட்ட உடம்போடு பாத்திக்குள் கால் வைக்கக்கூடாது என்று புருஷனைக் கிணற்றடிக்கு விரட்டினாள். மார்க்கண்டருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. செத்ததாய்க் கதை வந்தால் ஆயுள் கெட்டி என்றும், தன் பேருக்கு யமன் கயிறு எறிந்து ஒருமுறை ஏமாந்தவன், இனிக் கிட்டவும் வரமாட்டான் என்றும் சொல்லிக்கொண்டே கூட்டாளியையும் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். போகிற போக்கில் செல்வநாயகம் மருமகளைத் திரும்பிப் பார்த்து, இப்படி வாய் கூசாமல் பொய் சொல்கிறவனுக்கு உன்னைக் கட்டிக் கொடுத்துவிட்டு நான் எப்படி நித்திரை கொள்கிறது என்றார். அவள் வெயிலுக்கு முருங்கை நிழலில் ஒதுங்கி நின்றாள். கோகுலனுக்கு இனிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? சம்பந்தம் முடிந்தது. மிசினையாவது ஒழுங்காய் ஓட வைப்போம் என்று திரும்பக் குந்தினான்.

முருங்கையடியிலிருந்து, "இந்தச் சேட்டு ஆரின்ரை?" என்று அவள் குரல் கேட்டது.

தன்னுடையது என்றான்.

"நேற்றுப் போட்டிருந்ததோ?"

"ஓம்."

"நேற்று ஓடிக்கலோன் மணத்தது. இண்டைக்குக் கேக் மணக்குது." கொப்பில் தொங்கின சேட்டின் கையை மூக்கருகே பிடித்து, திரும்பவும் மணந்து பார்த்தாள். "நல்ல மணம்."

கோகுலன் எழும்பினான். கொடியில் கிடந்த சேட்டும், தராத கேக்கும், நாள் முழுக்க வைச்சுப் பாருங்கோ என்ற தங்கையின் சொல்லும் ஒன்றன்பின் ஒன்றாய் நினைவில் வந்து விழுந்தன. அவன் மிசினைப் பார்த்தான். அது பெற்றோலில் கத்திக்கொண்டு நின்றது.

"இது... இது மிசின் மாதிரி," என்றான். "முதல் பெற்றோல். பேந்துதான் மண்ணெண்ணெய். நீங்கள் நேற்று வந்தது அது பெற்றோலிலை ஓடின நேரம். நான்தான் பூசின கையோடை வந்து நிண்டிட்டன்."

தயாளினி சிரிக்கவில்லை. சேட்டை விட்டுவிட்டு, பாத்தியில் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா கிடந்த காலம் முழுக்க அறைக்குள்ளை அந்த மணம்தான். காலமை ஓடிக்கலோன், பின்னேரம் ஓடிக்கலோன். கடைசியாய்ப் பெட்டிக்குள்ளையும் அதைத்தான் தெளிச்சவை. நேற்று நீங்கள் கிட்ட வர, நான் திரும்ப அந்த அறைக்குள்ளை போன மாதிரி. துடக்குக்குப் பயந்து ஓடேல்லை. அதுக்குத்தான் ஓடினனான்."

இன்றைக்கே அந்தப் போத்தலை எறிந்துவிடுகிறேன் என்றான் கோகுலன். அதை உண்மையாகவே சொன்னான். அவள் கேட்டிருந்தால் போத்தலோடு தன்னையும் எறிந்திருப்பான். மிசின் சூடேறிவிட்டது, சத்தத்திலேயே தெரிந்தது. குனிந்து குழாயைத் திருப்பினான். மிசின் ஒருமுறை தயங்கிவிட்டு, கனமான சத்தத்தோடு மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. அவள் அது பாத்தி வரை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எறிய வேண்டாம்," என்றாள். "பூசின உடனை மட்டும் வராதேங்கோ. பூசிப்போட்டு, அது ஆறுமட்டும் இருந்துபோட்டு வாங்கோ. உங்களாலை ஒரு இடத்திலை இருக்கேலாதெண்டு சொல்லுகினம். ஏலுமோ?"

படத்தில் தவறிப்போன அந்த ஒரு நொடி இப்போதுதான் வந்தது. கோகுலன் தலையை மட்டும் ஆட்டினான்.

செல்வநாயகத்தின் நித்திரைக்கு அவள் என்ன மருந்து கொடுத்தாள் என்பது தெரியாது. தன்னைப் பெருப்பித்துக் காட்டச் சொன்ன பொய் இல்லை மாமா, வெட்கத்திலை சொன்னது என்று ஓட்டோவில் சொன்னாளாம். மார்க்கண்டரும் தன் பங்குக்கு, செத்தவன் சாட்சி சொல்லுறன், பொடியன் தங்கம் என்றாராம். எப்படியோ, அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் வட்டுக்கோட்டைக்கு வீட்டுக்கே வரும்படி சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கோகுலன் மத்தியானமே முழுகி, சாப்பிட்டு, நெஞ்சில் அளவாய் ஒருமுறை அடித்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தான். மூக்கில் ஓடிக்கலோன் ஏறியது. கால் தானாய் ஆடியது, முழங்காலைக் கையால் அமத்திப் பிடித்தான். எழும்பி நடந்தால் வேர்க்கும், வேர்த்தால் மணம் குழம்பும். போன் அடித்தது, மாதகலில் ஒரு மிசின். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது, கட்டுவனில் இன்னொன்று. பிறகு மார்க்கண்டர், மூன்று தரம். எடுக்கவில்லை. அவன் வாழ்க்கையில் இவ்வளவு களைப்பான வேலை செய்ததில்லை. மணிக்கட்டை மூக்கில் வைக்கவும் பயமாய் இருந்தது. ஆறியிருக்காவிட்டால்? அங்கே போய் நிற்கும்போது அவள் திரும்பவும் அந்த அறைக்குள் போய்விட்டால்? முருகா, கெதியாய் ஆறட்டும் என்று வேண்டிக்கொண்டு, வேண்டினதும் அவசரம்தானே என்று தன்னையே கடிந்துகொண்டான்.

கேற்றடியில் சைக்கிள் மணி கேட்டது. மூன்று தரம் போன் அடித்தும் பதில் இல்லாமல் மார்க்கண்டரே நேரில் வந்துவிட்டார். உள்ளே வந்தவர் பூனை அசையாமல் கதிரையில் இருப்பதைக் கண்டு திகைத்துப் போனார். பிறகு மூக்கில் மணம் ஏறியது. தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்தார். படியில் ஏறாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி... என்னடா இப்பிடி இருக்கிறாய்? ஆருக்கும் ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையண்ணை," என்றான் கோகுலன். "சென்ற் பூசியிருக்கிறன். அது ஆறுமட்டும் இருக்கிறன்."